நாக்கு அறியாத அளவுகள்

தனிம வரிசை அட்டவணையின் பதினேழாம் தொகுதியில் ஆறு தனிமங்கள் இருக்கின்றன: ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின், அஸ்டடைன், டென்னசின். பாடநூல்கள் இவற்றை ஹாலஜன்கள் என்றும் உப்பீனிகள் என்றும் சொல்கின்றன. கடைசி இரண்டையும் இங்கேயே விட்டுவிடலாம். அஸ்டடைனின் ஐசோடோப்புகளில் அதிக நேரம் தாங்குவதற்கே அரை ஆயுள் சுமார் 8 மணி நேரம்தான். டென்னசின் 2010இல் ஆய்வகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில அணுக்களாக உண்டாக்கப்பட்டது. மற்ற நான்கும் நம் வீட்டில் புழங்குபவை. குடிநீர்த் தொட்டி, உப்பு ஜாடி, பற்பசை, பிவிசி குழாய், ஒட்டாத தோசைக்கல், குளிர்பதனப் பெட்டி, மருந்து டப்பா என்று எங்கே கை வைத்தாலும் இந்த நான்கில் ஒன்று அகப்படும்.

இவை நல்லவையா கெட்டவையா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வடிவத்தில், எவ்வளவு என்று கேட்டால்தான் கிடைக்கும். அந்த அளவை மனிதரின் நாக்கும் மூக்கும் கண்ணும் சொல்லாது என்பதுதான் இவற்றில் உள்ள சிக்கல். ஃபுளோரைடு கூடிய கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். அயோடின் சேர்த்த உப்பும் சேர்க்காத உப்பும் கரிப்பதில் ஒன்றுதான். குளோரினுக்கு மட்டும் மணம் உண்டு. அந்த மணத்தையும் நாம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறோம். ஆகவே ஹாலஜன்களுடன் பாதுகாப்பாக வாழ்வது தனிமனிதரின் எச்சரிக்கையால் மட்டும் ஆகிற காரியமல்ல. யாராவது பொறுப்பேற்று, தவறாமல் அளந்து, அளந்ததை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

வேதியியல் அடிப்படை எளிது. இந்த அணுக்களின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள். எட்டாவது ஒன்று கிடைத்தால் அமைதி. அது கிடைக்கும்வரை எதிர்ப்படும் பொருளிலிருந்தெல்லாம் எலக்ட்ரானைப் பறிக்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மன் படை 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபோது, வீரர்களின் நுரையீரல் திசுக்களில் நடந்தது இந்தப் பறிப்புதான். எலக்ட்ரானைப் பெற்றுவிட்ட அதே குளோரின், குளோரைடு என்ற பெயரில் நம் ரத்தத்திலும் இரைப்பை அமிலத்திலும் சாம்பாரிலும் சாதுவாக இருக்கிறது. கார்பனோடு இறுகப் பிணைந்தால் மூன்றாவது வடிவம். அது வெறிகொண்டதுமல்ல, எளிதில் கரைந்து மறைவதுமல்ல. நீண்ட நாள் நிலைத்து நிற்பதே அதன் குணம்.

குளோரினை 1774இல் ஸ்வீடனின் ஷீலே பிரித்தெடுத்தார். அது தனித் தனிமம் என்று நிறுவிப் பெயரிட்டவர் 1810இல் ஹம்ஃப்ரி டேவி. ஆனால் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது 1799இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை பெற்ற பிளீச்சிங் பவுடர். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரினைச் செலுத்திக் கிடைத்த அந்தப் பொடி முதலில் துணி வெளுக்கத்தான் பயன்பட்டது. 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே பிரசவ அறைக்குள் போக வேண்டும் என்று கட்டாயமாக்கினார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. கிருமிகளைப் பற்றிய கொள்கை உருவாகும் முன்பே வந்த பலன் இது. 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் ஒரு நகரத்தின் குடிநீர் முழுவதிலும் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் டைபாய்டும் காலராவும் பல நகரங்களை விட்டு அகன்றன.

தண்ணீரில் குளோரின் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. அதன் மூலக்கூறுக்கு மின்சுமை இல்லாததால் பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி எளிதாக உள்ளே போய் நொதிகளைக் குலைத்துவிடுகிறது. கிருமிகளையும் அழுக்கையும் தாக்கியது போக மிஞ்சும் குளோரின்தான் முக்கியம். தொட்டியில் சுத்தமாக இருந்த தண்ணீர் குழாயில் வரும் வழியில் கெட்டுப்போகலாம். நம் ஊர்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நின்ற நேரத்தில் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே வெளிநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அதனால்தான் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது.

இதைச் சோதிக்க ஊராட்சியில் குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி வைத்திருப்பார்கள். குழாய்த் தண்ணீரில் சில சொட்டு திரவம் விட்டால் மஞ்சள் நிறம் வரும். அதை அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பொதுக் கணக்கு. பொடியை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். புதிய பொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் வீரியம் இருக்கும். வாய் திறந்த மூட்டையாக வெயிலில் கிடந்தால் வீரியம் போய் சுண்ணாம்புதான் மிஞ்சும். அந்தப் பொடியைக் கணக்குப்படி போட்டுவிட்டுப் பதிவேட்டில் எழுதினாலும் தண்ணீரில் பாதுகாப்பு இருக்காது. தொட்டியில் எவ்வளவு போட்டோம் என்ற பதிவை விட, கடைசிக் குழாயில் எவ்வளவு இருந்தது என்ற பதிவுக்கே நான் மதிப்புத் தருவேன்.

தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று மக்கள் குறைசொல்வதும், அதற்குப் பயந்து தொட்டி ஆபரேட்டர் பொடியைக் குறைப்பதும் பல ஊர்களில் நடக்கிறது. குளோரின், தண்ணீரில் உள்ள இலைதழைக் கழிவோடு சேர்ந்து டிரைஹாலோமீத்தேன்கள் என்ற வேண்டாத பொருள்களை உண்டாக்கும் என்பது 1974 முதல் தெரியும். அதற்கு வழி, குளோரின் சேர்க்கும் முன்பே தண்ணீரை நன்றாகத் தெளியவைத்து வடிகட்டுவது. குளோரினையே நிறுத்துவது வழியாகாது. கிருமிநீக்கத்தில் சமரசம் கூடாது என்பதில் உலக சுகாதார நிறுவனமும் உறுதியாக இருக்கிறது. மெல்லிய வாடை வரும் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் சற்று நேரம் திறந்து வைத்தால் வாடை போய்விடும். வாடையே இல்லாத கலங்கல் தண்ணீருக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். கழிவறை கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். அமிலம் பட்டவுடன் பொடியிலிருந்து குளோரின் வாயு வெளியே வரும். ஈப்ருவில் வந்த அதே வாயுதான். சன்னல் இல்லாத சிறு அறையில் மூச்சுக்குழாயைப் புண்ணாக்க அதிகம் தேவைப்படாது. வீட்டு வேலைக்கும் தூய்மைப் பணிக்கும் வருபவர்களின் கையில் இரண்டையும் கொடுத்து, பளிச்சென்று ஆக வேண்டும் என்று மட்டும் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

குளோரின் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உப்பு. உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு முனையில் குளோரின் வரும். மறுமுனையில் ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் வரும். மேட்டூரிலும், தூத்துக்குடிக்குத் தெற்கே சாகுபுரத்திலும் உள்ள ஆலைகள் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்கின்றன. இதில் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு கட்டாயம் உண்டு. ஒரு டன் காஸ்டிக் சோடா செய்தால் ஏறத்தாழ 0.88 டன் குளோரின் கூடவே வந்து நிற்கும். சோப்புக்கும் காகிதத்துக்கும் அலுமினியத்துக்கும் காஸ்டிக் சோடா வேண்டும். ஆனால் வந்த குளோரினைக் காற்றில் விட முடியாது. அதற்குக் கிடைத்த பெரிய வாய்க்கால்தான் பிவிசி. அதன் எடையில் 57 சதவீதம் குளோரின். மின்கம்பி உறையும் வயல் குழாயும் ஆழ்துளைக் கிணற்றின் உறைக்குழாயும் இப்படித்தான் எங்கும் நிறைந்தன. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும் குழாய் நல்லதுதான். அதே பிவிசி உறையை, செம்புக்காகக் குப்பைமேட்டில் எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் புகையில் வருகின்றன.

சாதுவான குளோரைடும் அளவு மீறினால் ஓர் ஆற்றைக் கொல்லும். திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும், உப்பு முழுவதும் கழிவுநீரில் போய்விடும். அது நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீர் பயிருக்கு ஆகாமல் போனது. வழக்குகள் நீண்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை வெளியேற்றாமல் மறுசுழற்சி செய்தாலே ஆலை ஓட்டலாம் என்ற நிலை வந்தது. சமையலறையில் சிட்டிகைக் கணக்கில் பார்க்கும் பொருளை அங்கே டன் கணக்கில் ஆற்றில் விட்டிருந்தார்கள்.

புரோமின் அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே அலோகம். 1826இல் பிரான்சின் பாலார், உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புநீரில் இதைக் கண்டார். இன்றும் கடலும் உப்பு ஏரிகளும்தான் இதன் ஊற்று. நமக்கு இதன் நெருங்கிய உறவு புகைப்படச் சுருள் வழியே வந்தது. வெள்ளி புரோமைடு ஒளி பட்டால் சிதையும். அந்தப் படிகங்களைப் பூசிய சுருளில்தான் கறுப்பு வெள்ளைப் படங்களும் மார்பு எக்ஸ்ரேக்களும் பதிந்தன. 1960இல் நிறுவப்பட்டு ஊட்டியில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், தூசு குறைந்த குளிர்ந்த காற்றை நம்பி அங்கே அமைந்தது. ‘இந்து’ என்ற அதன் பெயர் தாங்கிய எக்ஸ்ரே படலங்கள் அரசு மருத்துவமனைகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கின. டிஜிட்டல் படம் வந்தபின் அந்த ஆலை எழவில்லை. வாகன முகப்பில் எரியும் ஹாலஜன் விளக்கிலும் புரோமினோ அயோடினோ சிறிது உண்டு. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டனைக் கண்ணாடியில் படியவிடாமல் மீண்டும் இழைக்கே கொண்டுசேர்ப்பது அதன் வேலை.

கார்பனோடு பிணைந்த ஹாலஜன்கள் பெருமளவில் பரவியது இருபதாம் நூற்றாண்டில். 1930 வாக்கில் தாமஸ் மிட்ஜ்லி குழு உருவாக்கிய குளோரோஃபுளோரோகார்பன்கள் எரியாதவை, நச்சற்றவை. அதுவரை குளிர்பதனத்தில் இருந்த அம்மோனியாவும் கந்தக டை ஆக்சைடும் கசிந்தால் ஆளைக் கொல்லும் என்பதால் இவை வரமாகவே தோன்றின. எதோடும் வினை புரியாத அந்தக் குணத்தால்தான் இவை சிதையாமல் வளிமண்டலத்தின் மேலடுக்குவரை ஏறின. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு விடுபடும் குளோரின் அணு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் மெலிந்திருப்பது தெரிந்தது. 1987இல் இவற்றைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலக நாடுகள் ஒரு வேதிப்பொருளை அளந்து, ஒப்புக்கொண்டு, உண்மையாகவே குறைத்ததற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் இதே குடும்பம். ஒட்டாத தவாவை வெறுமனே அடுப்பில் காயவிடாமல் இருந்தால் பூச்சினால் ஆபத்து இல்லை. ஆனால் பூச்சு செய்ய உதவிய பி.எஃப்.ஓ.ஏ. என்ற துணைப்பொருள் ஆலைகளைச் சுற்றிய தண்ணீரில் கலந்து, சிதையாமல், மனித ரத்தம்வரை வந்துவிட்டது. 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மருந்திலோ இந்தப் பிணைப்பின் உறுதியே துணை. கல்லீரல் சீக்கிரம் சிதைக்க முடியாதபடி மூலக்கூறின் ஓரிடத்தில் ஃபுளோரினை வைக்கிறார்கள். சிப்ரோஃப்ளாக்சசினிலும் அடோர்வாஸ்டாடினிலும் ஃபுளோரின் இருக்கிறது. அம்லோடிபினிலும் செட்ரிசினிலும் குளோரின் இருக்கிறது.

அயோடினின் கதை போரில் தொடங்குகிறது. 1811இல் நெப்போலியன் காலத்துப் பிரான்சில் வெடியுப்புக்காகக் கடற்பாசிச் சாம்பலைக் காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் குர்துவா, அமிலம் கூடிப்போனபோது எழுந்த ஊதா நிற ஆவியைக் கண்டார். காயத்துக்குத் தடவும் டிங்சரும், இன்று அதன் இடத்தைப் பிடித்த போவிடோன் அயோடினும், எக்ஸ்ரேயில் ரத்தக்குழாயைக் காட்டும் மருந்தும் இந்தத் தனிமத்தின் கொடை. அதன் பெரிய வேலை கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில். தைராக்சின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் நான்கு அயோடின் அணுக்கள். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஆயுள் முழுவதற்கும் ஒரு தேக்கரண்டி போதும். ஆனால் அந்தச் சிறு அளவு கர்ப்பிணிக்குக் கிடைக்காவிட்டால் வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். அதைப் பின்னால் ஈடுசெய்ய முடியாது.

இமாலய அடிவாரத்தில், அயோடின் குறைவால் தைராய்டு வீங்கும் கழலை நோய் ஊர் ஊராக இருந்தது. 1956இல் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று இந்திய மண்ணிலேயே மெய்ப்பித்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்றைய விதிப்படி உப்பு, ஆலையை விட்டுப் புறப்படும்போது அதில் பத்து லட்சத்தில் 30 பங்கும், வீட்டுக்கு வரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும். ஈரத்தில் தாங்கும் என்பதால் நாம் பொட்டாசியம் அயோடேட்டைச் சேர்க்கிறோம்.

கடலை ஒட்டி வாழும் நமக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கடல்நீரில் அயோடின் மிகக் குறைவு. உப்பு படிகமாகும்போது அதுவும் பெரும்பாலும் கசப்புநீரோடு போய்விடும். ஆகவே அயோடின் கலக்காத கல்லுப்பிலும் இந்துப்பிலும் குறிப்பிடும்படி அயோடின் கிடையாது. 2018–19இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் நாம்தான் கடைசி. உப்பு உற்பத்தியில் நாட்டில் இரண்டாம் இடத்தில் இருக்கும் மாநிலத்துக்கு இது தலைகுனிவு. கல்லுப்பின் மேல் நமக்குள்ள பற்று நியாயமானதுதான். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதுதான் சரி. அதைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. கல்லுப்பிலேயே அயோடின் தெளிக்க முடியும், தெளித்தது கடைகளிலும் கிடைக்கிறது. சில்லறையில் அளந்து விற்கும் உப்பைச் சோதிப்பதும், சிறு உப்பளக்காரர்களுக்குத் தெளிப்பு எந்திரமும் அயோடேட்டும் எளிதாகக் கிடைக்கச் செய்வதும்தான் விடுபட்ட வேலைகள். இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம், சத்துணவுக்காக அயோடினோடு இரும்பும் சேர்த்த உப்பைச் செய்துவருகிறது. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அயோடின் உப்பால்தான் தைராய்டு நோய் பெருகிவிட்டது என்ற பேச்சு சமூக ஊடகங்களில் ஓயாமல் வருகிறது. அயோடின் குறைந்த ஊருக்கு அது திடீரென்று கூடுதலாகப் போனால் தைராய்டு கோளாறு ஓரளவு கூடுவது உண்மை. அதற்குத் தீர்வு அளவைக் கண்காணிப்பது. உப்பிலிருந்து அயோடினை எடுத்தால் விலையைக் கொடுப்பது இன்னும் பிறக்காத குழந்தை.

ஃபுளோரின் இவை அனைத்திலும் மூர்க்கமானது. அதைத் தனியே பிரிக்க முயன்ற பலர் காயம்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். 1886இல் பாரிசில் ஆன்ரி முவாசான் பிளாட்டினப் பாத்திரத்தில், கடுங்குளிரில், மின்சாரம் பாய்ச்சி வென்றார். 1906இல் நோபல் பரிசும் பெற்றார். ஃபுளோரைடாக மாறிய பின் அது பல்லின் எனாமலில் நுழைந்து அமிலத்துக்கு எதிராக உறுதி தருகிறது. பற்பசையில் அது இருப்பது இதனால்தான். பற்பசையை விழுங்கும் வயதுள்ள குழந்தைக்குப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்கக் கூடாது.

தென்னிந்தியாவில் பல இடங்களில் ஃபுளோரைடு தேவைக்கு மேல் கிடைப்பதே பிரச்சினை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளையாமல், மூட்டுகள் இறுகிப்போன உழவர்களின் நோய் குடிநீரின் ஃபுளோரைடால் வருவது என்று 1937இல் ஷார்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் எழுதினார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் கடினப் பாறை நிலத்தில் இதே நிலை. அப்பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரின் உண்டு. நிலத்தடியில் நீண்ட காலம் தங்கிய, காரத்தன்மை கூடிய, கால்சியம் குறைந்த நீர் அதைக் கரைத்தெடுக்கும். மழைநீர் ஊறிய மேல்கிணற்றில் இருந்ததைவிட, வறட்சிக்குப் பின் பல நூறு அடி இறக்கிய ஆழ்துளைக் கிணற்றில் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதல். தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் போட்ட போர்தான் நோயையும் மேலே கொண்டுவந்தது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் நல்லது, 1.5க்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அதற்கு மேல் தொடர்ந்து குடித்த குழந்தைக்கு முளைக்கும் பல்லில் வெண்கோடும் பழுப்புக் கறையும் வரும், விளக்கினால் போகாது. இன்னும் கூடினால் எலும்பு பாதிக்கப்படும். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் பயனில்லை. நீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை உண்டு. ஆனால் தினமும் அளந்து சேர்த்து, படிந்த கசடை அகற்றும் வேலையை வறிய வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. வேறு நீர் கொண்டுவருவதே உறுதியான வழி. ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் 2013இல் தொடங்கி, காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுபோனது.

காவிரி நீர் குடிக்க மட்டும் கிடைத்து, சமையலுக்கு ஊரின் போர்த் தண்ணீரையே எடுத்தால் பாதி பலன்தான் கிடைக்கும். சோறும் களியும் அந்த நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. குழாயில் சில நாள் நீர் வராமல் போனால் மக்கள் மீண்டும் போருக்குத்தான் போவார்கள். ஆகவே திட்டம் எத்தனை கிலோமீட்டர் குழாய் பதித்தது என்பதை வைத்து அதை மதிப்பிட முடியாது. நிலைப்பற்களின் எனாமல் பிறப்பிலிருந்து எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. 2013க்குப் பின் அந்த மாவட்டங்களில் பிறந்த குழந்தைகளில் மூத்தவர்களுக்கு இப்போது நிலைப்பற்கள் ஏறத்தாழ எல்லாம் முளைத்துவிட்டன. பள்ளி மருத்துவ முகாமில் ஊர்வாரியாக அந்தப் பற்களைப் பார்த்து, கறையை வகைப்படுத்தி எழுதி, அதே ஊரின் குழாயில் மாதத்துக்கு எத்தனை நாள் நீர் வந்தது என்ற கணக்கோடு சேர்த்து வெளியிட வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பல் மருத்துவரும் ஊராட்சிப் பதிவேடும் போதும்.